மனாசேயின் தகப்பன்



இவ்வாரம் ஆதியாகமம் 41ஆம், 48ஆம் அதிகாரங்களை உங்கள் வீட்டு ஜெபவேளையில் வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். யோசேப்பின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகவே வாசிக்கிறோம். குழியில் போடப்பட்டவன் அரமனையில் அமர்ந்தான் என்பதோடு நம் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் 41ஆம் அதிகாரத்தின் முடிவில், அவன் தன் பிள்ளைகளுக்குப் பெயரிடும் இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மூத்தவனுக்கு மனாசே என்று பெயரிடுகிறான். மறத்தல் என்னும் எபிரெய வினையோடு இணைந்த பெயர் அது. தான் பட்ட வருத்தத்தையும் தன் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கச் செய்தார் என்று அவனே அதற்குக் காரணம் சொல்லுகிறான். இளையவன் எப்பிராயீம். துன்பம் அனுபவித்த அதே நாட்டில் தன் வாழ்வு கனி கொடுத்தது என்னும் நன்றி அந்தப் பெயரில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த ஒரு தகப்பனின் இரண்டு ஆசைகளும் இவ்விரு பெயர்களில் அடங்கிவிட்டன. பட்டதை மறக்க வேண்டும். வந்து சேர்ந்த மண்ணில் பலன் தர வேண்டும். ஸ்காபரோவில் நம்முடைய வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன பெயர் வைத்திருந்தாலும், மனாசே, எப்பிராயீம் என்னும் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே அவர்கள் சுமக்கிறார்கள்.

இப்பகுதியை நான் மறுபடியும் எடுத்து வாசிக்கக் காரணமாயிருந்தது ஒரு பள்ளிக்கூட ஓவியக் கண்காட்சி. நம் சபையின் வாலிபப் பிள்ளைகள் சிலர் படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், 11ஆம் வகுப்பு ஓவிய மாணவர்கள் தங்கள் குடும்பங்கள் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை வரைந்து நூலகச் சுவர்களில் மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அழைத்தார்கள்; சென்று பார்த்தேன்.

அவர்களுடைய ஆசிரியை இந்த வேலையைத் தொடங்குமுன் ஜேக்கப் லாரன்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்க ஓவியரின் படத்தொடர் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார். லாரன்ஸ் 1917இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் தென்மாநிலங்களை விட்டு வடக்கே பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். முதலாம் உலகப் போர்க் காலம் தொடங்கி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அவ்வாறு தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்தார்கள். லாரன்ஸ் 13 வயதில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தபோது, வேலைக்குப் போக வேண்டியிருந்த தாய், பள்ளி முடிந்த பின் நடக்கும் ஓவிய வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டார். அங்கே தூரிகை பிடித்த அந்தச் சிறுவன், 23 வயதில், அந்தப் பெரிய இடப்பெயர்வை 60 சிறு பலகைகளில் வரைந்து முடித்தார். 1941இல் நிறைவுபெற்ற அத்தொடரின் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு விளக்கம் உண்டு. அறுபது பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை எல்லாப் பலகைகளிலும் வேண்டிய இடங்களில் பூசிய பிறகே அடுத்த நிறத்தை எடுத்தார். ஆகவே அறுபது படங்களிலும் நிறங்கள் ஒன்றுபோல் அமைந்தன. முதற்படத்திலும் இறுதிப் படத்திலும் இரயில் நிலையத்தில் திரண்டு நிற்கும் சனங்களையே காண்கிறோம். இன்று அவற்றில் பாதி வாஷிங்டனிலும் பாதி நியூயோர்க்கிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அது ஒரே நாட்டுக்குள் நிகழ்ந்த பயணம். நம் பிள்ளைகளின் குடும்பங்களோ கடல் கடந்தவை. ஆயினும் முறை ஒன்றே: ஒரு படம், அதன் கீழே இரண்டு வரிகள், எல்லோருக்கும் பொதுவான ஐந்து நிறங்கள். ஆகையால் சோமாலியப் பிள்ளை ஒருவன் வரைந்த கடலும், தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வரைந்த இரவும் ஒரே நீலத்தில் இருந்தன.

ஒரு பிலிப்பீனிய மாணவி, ஆள் உயரமான அட்டைப்பெட்டி ஒன்றை வரைந்திருந்தாள். அவளுடைய தாய் வீட்டோடு தங்கிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்காகக் கனடா வந்தவர். அந்தத் திட்டத்தில் அக்காலத்தில் வந்தவர்கள் இரண்டு ஆண்டு வேலையை முடித்த பின்பே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. காகித வேலைகள் முடிந்து குடும்பம் ஒன்றுசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் தாயிடமிருந்து வீட்டுக்கு வந்தவை பெட்டிகள்: சவர்க்காரம், சொக்லேற், சப்பாத்து. படத்தில் அந்தப் பெட்டி திறந்திருக்கிறது; உள்ளே பொருள் எதுவும் இல்லை. ஒரு சிறுமி அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள்.

வேறொரு மாணவன் மூடுபனியில் மிதக்கும் இரண்டு உயிர்காப்புப் படகுகளை வரைந்திருந்தான். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் 155 தமிழர்கள் அத்தகைய இரண்டு படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது, கஸ் டால்டன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு உதவிக்கு வந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். இந்தத் தலைமுறைப் பிள்ளை ஒருவன் அதைத் தேடி வாசித்து வரைந்திருப்பதைக் கண்டபோது ஆறுதலாக இருந்தது.

நம் சபையைச் சேர்ந்த ஒரு மகனின் படத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: ஒருபுறம் வைத்தியர், மறுபுறம் முதிய பெண், நடுவில் ஒரு சிறுவன். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: “வைத்தியர் சொன்னதை அம்மம்மாவுக்கு நான்தான் சொன்னேன். அந்த வியாதியின் பெயர் எனக்குத் தமிழில் தெரியவில்லை.” எகிப்தில் யோசேப்புக்கும் அவன் சகோதரருக்கும் நடுவே நின்ற துபாசியைப் பற்றி வேதத்தில் ஒரே ஒரு குறிப்பு உண்டு. அவன் பெயரும் இல்லை, அவன் மனம் என்ன பட்டது என்பதும் இல்லை. நம் வீடுகளில் அந்த வேலையைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்தார்கள். வங்கியிலும் வைத்தியசாலையிலும் குடிவரவு அலுவலகத்திலும் பெரியவர்களின் அச்சத்தை முதலில் கேட்டு, பிறகு அதைத் தம் வாயாலே சொன்னவர்கள் அவர்கள்.

நான்காவது படத்தைப் பற்றித்தான் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். சம்பந்தப்பட்ட தகப்பனும் மகளும் இசைந்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் படத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டு. ஆவி மூடிய அறையில், ஆளைவிட உயரமான கோப்பை அடுக்கின் முன் ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இடுப்பில் நனைந்த ஏப்ரன். கீழே இரண்டு வரிகள்: “அப்பா வேலை முடிந்ததும் காரிலேயே உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். இது அவர் கழற்றி வைத்த உடுப்பு.”

கண்காட்சி தொடங்கிய மறுநாள் அந்தத் தகப்பன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி ரீச்சரிட்டை நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் சொன்னால் பிள்ளை கோவிப்பாள்.” ஏன் என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, “ஊரிலை நான் கணக்கு வாத்தியார். அங்கை ஆக்கள் இண்டைக்கும் என்னை ‘சேர்’ எண்டுதான் கூப்பிடுகினம்” என்றார்.

வடமராட்சியில் ஆசிரியராக இருந்த அவர், இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் கோப்பை கழுவினார். ஊருக்குச் சொன்னது ஹோட்டல் நிர்வாகத்தில் வேலை என்று. அந்தச் சம்பளத்தில் இரண்டு சகோதரிகளுக்குக் கலியாணம் நடந்தது. தாயின் கண் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கழுவிய காலம் முடிந்தது, யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த வேளையில், சொந்த மகள் அதை நூலகச் சுவரில் மாட்டிவிட்டாள். யாராவது அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டால் ஊரே பார்க்கும்.

அவருடைய வேதனையை நான் இலேசாக எண்ணவில்லை. இன்றைய பேச்சாளர்கள் பலர் எல்லா மௌனத்தையும் உடைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு மனிதன் தன் மரியாதையைக் காத்துக்கொள்ளக் கட்டிய சுவரைப் பிறர் வந்து உடைக்கும்போது, அவன் மேல்தான் கற்கள் விழும். ஆயினும் படத்தை எடுக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. “முதலில் ஒருதரம் நேரில் பார்ப்போம், நானும் வருகிறேன்” என்றேன்.

மகளும் உடன் வந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். கோபப்படுவார் என்று மகள் அஞ்சியது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவர் பேசினார். “தொட்டி பிழை” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விரலால் காட்டினார். “தொட்டி ஒண்டில்லை, மூண்டு. ஒண்டிலை கழுவுறது, அடுத்ததிலை அலம்புறது, கடைசித் தொட்டியிலை கிருமி கொல்லுற மருந்துத் தண்ணி. அதிலை கை தோல் உரியும். இவள் எங்கடை வீட்டுத் தொட்டியைக் கீறியிருக்கிறாள்.”

“நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே அப்பா” என்றாள் மகள்.

அவள் அந்தச் சமையலறையைப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் மளிகைப் பொருள்களைக் காரின் பின்பெட்டியில் வைக்கும்போது அந்த ஏப்ரனைக் கண்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. யாரிடமும் கேட்கவில்லை. தகப்பன் அதை மறைக்க விரும்புகிறார் என்பது அந்த வயதிலேயே புரிந்துவிட்டது. ஏழு ஆண்டுகள் அவளும் தகப்பனோடு சேர்ந்து அந்த இரகசியத்தைக் காத்திருக்கிறாள். தகப்பன் வெட்கம் என்று மூடி வைத்ததை, மகள் அன்பின் அத்தாட்சியாகத் தன்னுள் வைத்திருந்தாள்.

பிரியமானவர்களே, நம் பிள்ளைகளுக்கு நம் கதை தெரியாது என்று எண்ணுகிறோம். அவர்களுக்குப் பாதி தெரியும். பின்பெட்டியில் கண்ட ஏப்ரன் தெரியும். நள்ளிரவில் தாய் தொலைபேசியில் அழுத குரல் தெரியும். அலுமாரியின் மேல் தட்டில் யாரும் திறக்காத உறை இருப்பது தெரியும். தெரியாத மறுபாதியை அவர்கள் தாங்களாகவே வரைந்துகொள்கிறார்கள். நாம் சொல்லாதவரை அந்தச் சமையலறையில் ஒரு தொட்டிதான் இருக்கும்.

யோசேப்பின் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்க்கிறேன். மனாசே ஒவ்வொரு முறை தன் பெயரைச் சொல்லி அழைக்கப்படும்போதும், தகப்பன் எதையோ மறக்க முயன்றார் என்பதை அறிந்திருப்பான். மறதி என்று பெயர் வைத்ததனாலேயே மறக்கப்பட வேண்டிய ஒன்று உண்டு என்பது வெளிப்பட்டுவிடுகிறது. உண்மையில் யோசேப்பு மறக்கவும் இல்லை. சகோதரரைக் கண்டபோது தனியறைக்குள் போய் அழுதான். மரிக்கும் வேளையில், தேவன் உங்களைச் சந்திக்கும் நாளில் என் எலும்புகளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும் என்று ஆணையிடுவித்தான். எகிப்தின் அதிபதியாக வாழ்ந்தவன் எகிப்தில் இளைப்பாற விரும்பவில்லை.

இந்த மௌனத்தை யோசேப்பின் வீட்டில் உடைத்தவர் ஒரு பாட்டனார். 48ஆம் அதிகாரத்தில், யாக்கோபு வியாதியாய்ப் படுத்திருக்கிறார் என்று கேட்டு, யோசேப்பு தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செல்கிறான். அந்தப் பிள்ளைகள் எகிப்தில் பிறந்தவர்கள். எகிப்தியத் தாய்க்குப் பிறந்தவர்கள். கானானைக் கண்ணால் கண்டதில்லை. பார்வை மங்கிய அந்த முதியவர் பலங்கொண்டு எழுந்து கட்டிலில் அமர்கிறார். அவர்களை ஆசீர்வதிப்பதற்கு முன் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். தன் கதையைச் சொல்லுகிறார். லூஸ் என்னும் இடத்தில் தேவன் தனக்குத் தரிசனமானதைச் சொல்லுகிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம், அது மகிமையான கதை. ஆனால் அடுத்து ராகேலின் மரணத்தையும் சொல்லுகிறார். ஊர் சேரச் சிறிது தூரமே இருக்கையில் அவள் வழியிலே மரித்ததையும், வழியோரத்திலேயே அவளை அடக்கம் செய்ததையும் பேரப்பிள்ளைகள் நிற்கையில் சொல்லுகிறார். பிறகே அந்தப் பிள்ளைகளை அணைத்து முத்தமிட்டு, அவர்கள் தலையில் கை வைக்கிறார்.

ஆசீர்வாதத்துக்கு முன் கதை. அதுவும் வழியோரத்துக் கல்லறையையும் உட்கொண்ட கதை. நாம் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தோம், கல்வி கொடுத்தோம், கலியாணத்துக்கு நகை சேர்த்தோம். இவற்றையெல்லாம் கொடுத்த கைகள் எந்தத் தண்ணீரில் தோல் உரிந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால், ஆசீர்வாதத்தின் ஒரு பகுதியை நாமே வைத்துக்கொண்டவர்களாவோம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மௌனமும் ஒன்றல்ல. வெட்கத்தினால் மூடியது ஒன்று; காயத்தினால் மூடியது வேறு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது என் தாயாரும் அந்தச் சனத்திரளில் இருந்தார். நான் அப்போது ஊரில் இல்லை. பின்னாளில் கேட்கும்போதெல்லாம் மழையைப் பற்றிச் சொல்லுவார். கையில் எடுத்துக்கொண்ட வேதாகமத்தைப் பற்றிச் சொல்லுவார். நாவற்குழிப் பாலம்வரை சொல்லுவார். பாலத்துக்கு அப்பால் ஒருபோதும் சொன்னதில்லை. கர்த்தரண்டைக்குச் செல்லும்வரை அது அவரோடேயே இருந்தது. நானும் பாலத்தில் அவரோடு நின்றுகொள்வேன். நம் சபையில் 2009ஆம் ஆண்டின் வன்னியைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும், பிள்ளைகளாயினும், கதையைப் பிடுங்கக் கூடாது. மனிதர் காதில் சொல்ல முடியாததையும் தேவன் கேட்கிறார்.

ஆகவே வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வரையுங்கள், எழுதுங்கள். ஆனால் சுவரில் மாட்டுமுன் வீட்டில் காட்டுங்கள். “இது சரியா?” என்று கேளுங்கள். உங்கள் பெற்றோர் மறுத்தால் சில காலம் பொறுத்திருங்கள். அந்தக் கதை உங்களுடையதுதான். அதை உடலில் சுமந்தவர்களுடையதும் ஆகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இம்மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தொலைபேசிகளை அப்பால் வைத்துவிட்டு, நீங்கள் இந்நாட்டில் செய்த முதல் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன சம்பளம், எந்தப் பேருந்து, யார் உங்களுக்குக் குளிர்ச்சட்டை தந்தார், எந்த நிலக்கீழ் அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள் என்று சொல்லுங்கள். நீதிபோதனை வேண்டாம். “நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா” என்று தொடங்கினால் பிள்ளைகளின் செவி அடைபட்டுவிடும். தொட்டிகள் எத்தனை என்று சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

அந்தத் தகப்பனைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவர் ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. மகளும் வற்புறுத்தவில்லை. இதைப் படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு சிறு அட்டையை அவளே எழுதி ஓவியத்தின் அருகில் ஒட்டினாள். ஆனால் அன்றிரவு பள்ளியின் வாகனத் தரிப்பிடத்திலேயே இருவரும் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவள் ஒரு கொப்பியில் மூன்று தொட்டிகளையும் அவர் சொல்லச் சொல்ல வரைந்தாளாம். நடுத் தொட்டியின் குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இருவருக்கும் சற்று வாக்குவாதமும் நடந்ததாம்.

ஜெபிப்போம்: எங்கள் பிதாக்களின் வழிப்பயணங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, நாங்கள் செய்த எளிய வேலைகளைக் குறித்து வெட்கப்படாதிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். சொல்லக்கூடியதைச் சொல்ல வாயைத் திறந்தருளும். சொல்ல முடியாததை உமது சமுகத்தில் இறக்கிவைக்கப் பண்ணும். துபாசிகளாய் நின்று களைத்த எங்கள் பிள்ளைகளை ஆற்றித் தேற்றும். இந்த வாரம் இந்நகரத்தில் ஏதோ ஒரு பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிற புதியவர்களுக்கு நாங்கள் அயலாராயிருக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.